கட்டியங்காரன் வாசித்த நன்கொடை

"என்ன நிகழ்ச்சி வைக்கலாம்?" என்று கூட்டம் போட்டு யோசிப்பது புதுப் பழக்கம். பள்ளிக்குச் சுற்றுச்சுவர் வேண்டும், நூலகத்துக்கு அலமாரி வேண்டும், சிறுநீரகம் கெட்டுப்போனவருக்கு வைத்தியச் செலவு வேண்டும் என்றால் இன்றைக்கு நாலு பேர் உட்கார்ந்து, இன்னிசைக் கச்சேரியா, கிரிக்கெட் போட்டியா, பட்டிமன்றமா என்று பேச ஆரம்பிக்கிறார்கள். உத்திரமேரூரை ஒட்டியிருக்கும் திருப்புலிவனம் மாதிரி ஊர்களில் ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆடியில் கூழ், கோடையில் பாரதம், அறுவடையில் களத்து நெல் என்று சந்தர்ப்பம் தானாக வந்தது. ஊருக்கு ஏதாவது தேவையென்றால் அதில் ஒன்றோடு சேர்த்து முடித்துக்கொள்வார்கள்.

ஆடியில் அம்மனுக்குக் கூழ் வார்க்க வீடு வீடாகப் போய்த் தண்டுவார்கள். காசுதான் வேண்டும் என்று நிற்க மாட்டார்கள். ஒரு வீட்டில் படி கேழ்வரகு, ஒரு வீட்டில் முறத்தில் நொய், இன்னொரு வீட்டில் ஒரு கட்டு விறகு. எதுவும் இல்லாத வீட்டு ஆள் வந்து அடுப்பு மூட்டுவார், அண்டா கழுவுவார். கொடுக்காத வீடு என்று ஒன்று இல்லாமல் பார்த்துக்கொண்டதுதான் அந்தத் தண்டலின் சூட்சுமம். ஆனால் இதை ரொம்பவும் மெச்சிக்கொள்ள முடியாது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று எழுதும் தலைக்கட்டு வரி நோட்டில் 'ஊர்' என்று எழுதியிருந்தால் அதில் தலித் மக்கள் வாழும் காலனி சேராது. அங்கே வாங்க வேண்டியது உழைப்பு மட்டும்தான். வரி கட்ட முடியாமல் தலைகுனிந்தவர்களும் உண்டு. அன்றைய ஒற்றுமையைப் பற்றி யார் ஏக்கத்தோடு பேசினாலும் இந்த இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

பாரதம்தான் பெரிய வசூல். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசுக்குக் கம்பம் நட்டு, வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். மேலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்குக் கீழே முந்தானை ஏந்தி நிற்பார்கள். பகாசுரன் கதை நடக்கிற அன்றைக்குப் பீமன் மாட்டு வண்டியில் ஏறித் தெருத் தெருவாக வருவான். வண்டி நிற்கிற வாசலில் எல்லாம் சோறும் பண்டமும் வந்து சேரும். கதையும் வசூலும் ஒரே வண்டியில் போன அந்த ஏற்பாட்டை எந்த நிகழ்ச்சி மேலாளரும் இன்றுவரை மிஞ்சியதாகத் தெரியவில்லை.

ராத்திரி கூத்தில் இன்னொன்று நடக்கும். துரியோதனன் கட்டையெல்லாம் கட்டிக்கொண்டு உச்சக் குரலில் கர்ஜித்துக்கொண்டிருப்பார். சபையில் ஒருவர் எழுந்து போய் ரூபாய் நோட்டை அவர் மார்பில் ஊக்கு வைத்துக் குத்துவார். கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் உடனே கையைக் காட்டுவான். முகவீணை நிற்கும், மத்தளம் நிற்கும், துரியோதனன் கோபத்தைப் பாதியில் விழுங்கிக்கொண்டு நிற்பார். "இன்ன ஊரு, இன்னார் மகன் இன்னார், கலைஞருக்கு அன்பளிப்பு ஐந்து ரூபாய்" என்று அவன் ராகம் போட்டுச் சொல்லி முடித்த பிறகுதான் அஸ்தினாபுரத்துச் சண்டை தொடரும். ஐந்து கொடுத்தவரின் பங்காளி அடுத்த பாட்டுக்குள் பத்தோடு வந்து நிற்பார். இந்தப் பணம் கூத்தாடிக்குப் போகும். ஆனால் அதே மைக்கில், அதே சபையில், பள்ளிக்கூடத்துக்கு இவ்வளவு, குளக்கரைக்கு இவ்வளவு என்று ஊர்க்காரியமும் வாசிக்கலாம். கொடுக்கிறவர் பெயர் ஊர் காதில் விழுந்தது. சொல்லிவிட்டுக் கொடுக்காமல் இருக்கவும் முடியாது.

இதற்கும் முந்தைய காலம் ஒன்று உண்டு. அது கல்லில் இருக்கிறது. வியாக்ரபாதர் பூசித்ததாகச் சொல்லும் திருப்புலிவனம் வியாக்ரபுரீசுவரர் கோயில் சோழர் கல்வெட்டுகள் உள்ள கோயில். சோழர் காலத்துக் கோயில்கள் பலவற்றில் விளக்குக் கொடை ஒரே மாதிரி வரும். ஒரு நந்தாவிளக்குக்கு 90 அல்லது 96 ஆடு. ஆடுகள் இடையர் கையில் இருக்கும். அவர் தினம் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் குட்டி போட்டாலும் கணக்கில் எண்ணிக்கை மாறாது. அதனால்தான் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். பொன்னாகக் கொடுத்தால் ஊர்ச்சபை அதை முதலாக வைத்துக்கொண்டு வட்டியில் தர்மத்தை நடத்தும். முதலைத் தொடுவதில்லை. இன்றைக்கு ஒரு ராத்திரி வசூல் செய்து ஒரே வாரத்தில் செலவழிக்கிறோமே, அங்கே ஒருமுறை கொடுத்ததை வருடக்கணக்கில் ஓட வைத்தார்கள்.

கணக்கு விஷயத்தில் உத்திரமேரூர் இன்னும் கறார். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் குடவோலைக் கல்வெட்டுகளை எல்லோரும் தேர்தலுக்காகவே சொல்கிறார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது என்பதும் அதே கல்லில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப் குழு அட்மின்களுக்கு இந்தப் பகுதியை மட்டும் பெரிதாக அச்சடித்துக் கொடுக்கலாம்.

பின்னாளில் இந்த மண்ணிலிருந்தே ஒரு பெரிய யோசனை புறப்பட்டது. காஞ்சிபுரத்தை அடுத்த நெய்யாடுபாக்கத்தில் 1912-ல் பிறந்த நெ.து.சுந்தரவடிவேலு, காமராஜர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்தார். 1956-ல் மதிய உணவு தொடங்கியபோது முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும்தான் பல இடங்களில் அடுப்பு எரிந்தது. அரசின் பங்கு பின்னால் வந்தது. அடுத்ததாகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. முதல் மாநாடு 1958-ல் கடம்பத்தூரில் நடந்தது. அதுவும் அன்றைய செங்கல்பட்டு மாவட்டம்தான். நிகழ்ச்சியை முதலில் முடிவு செய்துவிட்டுத் தேவையைத் தேடுகிற வேலை அங்கே கிடையாது. பள்ளியில் என்னென்ன குறை என்று பட்டியல் முதலில் தயாராகும். கடிகாரம், தேசப்படம், பெஞ்சு, கரும்பலகை, சிலேட்டு, வகுப்பறை, மைதானத்துக்கு நிலம். யாரால் எது முடியுமோ அதை ஏற்றுக்கொள்வார்கள். மாநாட்டு மேடையில் அவர்கள் பெயர் சொல்லி மரியாதை நடக்கும். கடிகாரம் கொடுத்தவர் அந்தப் பள்ளியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் மணி பார்ப்பார். அவர் கொடுத்தது ஓடுகிறதா என்று அவருக்கே தெரியும். நிதி திரட்டுவதில் இதைவிடச் சுருக்கமான வழியை நான் பார்த்ததில்லை.

நகரத்தில் அதே காலத்தில் கச்சேரியும் நாடகமும் தர்மத்துக்கு உழைத்தன. எம்.எஸ்.சுப்புலட்சுமிக்கு 1974-ல் மகசேசே விருது பொதுச்சேவைக்காகக் கிடைத்தது. கச்சேரி செய்து அவர் நல்ல காரியங்களுக்குத் திரட்டிக் கொடுத்த பணம்தான் காரணம். சிவாஜி கணேசனின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகம் எத்தனையோ பள்ளிக் கட்டடங்களுக்கு வசூல் கொடுத்தது. கிராமத்தில் அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்கள் கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. எம்.எஸ். பாடினால் டிக்கெட் விற்கும். நாம் கூட்டிவரும் லைட் மியூசிக் குழுவுக்கு விற்குமா?

இன்றைக்கு வருவோம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள், சென்னையில் குடியேறியவர்கள், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். ஒரு ஆஸ்பத்திரி பில்லின் படம் விழுந்தால் சாயங்காலத்துக்குள் ஜிபேயில் பணம் சேர்ந்துவிடுகிறது. பழைய தண்டலில் ஒரு மாதம் ஆகியிருக்கும். காலனிப் பையன் அனுப்பும் ஐந்நூறும் மணியக்காரர் பேரன் அனுப்பும் ஐந்நூறும் ஒரே வரிசையில் ஏறுவது சின்ன விஷயமில்லை. நட்டமும் இருக்கிறது. படி கேழ்வரகு கொடுத்த கிழவிக்கு ஜிபே கிடையாது. அவளிடம் யாரும் கேட்பதேயில்லை. தொகை கூடியிருக்கிறது, கொடுக்கும் கைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது.

அரசும் கம்பெனிகளும் இப்போது பங்காளிகள். 'நமக்கு நாமே' திட்டத்தில் பொதுமக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதி அரசு. 2017-ல் காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலத்தில் ஆரம்பித்த குடிமராமத்தில் விவசாயிகள் பங்கு 10 சதவீதமாக இருந்தது. 2022 டிசம்பரில் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வந்தது. 2013 ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும், அதிலும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை. ஊர் ஆயிரம் ரூபாயாவது சேர்த்துக் காட்டிவிட்டுக் கேட்கப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சட்டம் தெரியாமல் இறங்கினால் சிக்கல். குலுக்கல் சீட்டு போட்டு பைக் பரிசு என்று அறிவிப்பது இளைஞர்களுக்கு எப்போதும் தோன்றும் யோசனை. அண்ணா ஆட்சியில் 1968-ல் அரசே பரிசுச்சீட்டு நடத்தியது உண்மைதான். 2003-லிருந்து தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நம்ம ஊர்க்காரர் டிரஸ்டுக்குப் பணம் அனுப்பினால் அது அந்நியப் பணம். அதற்கான பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளையில் தனிக் கணக்கும் இல்லாத டிரஸ்ட் அதைத் தொடக் கூடாது. இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் பிரச்சினையில்லை. 80ஜி ரசீது கேட்பவர் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடைக்காது.

சரி, எதைத்தான் வைப்பது? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு லட்சம் தேவை. கச்சேரி என்றால் குழு, பந்தல், ஒலி, ஜெனரேட்டர், பிளெக்ஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒன்றேகால் லட்சம் போகிறது என்று வையுங்கள். மூன்றேகால் லட்சம் வசூலானால்தான் இரண்டு மிஞ்சும். மழை வந்தால் கையைவிட்டுப் போகும். எனக்குத் தோன்றுவது, செலவே இல்லாத, ஊரில் ஏற்கெனவே நடக்கிற ஒன்றோடு சேர்ப்பதுதான். காணும் பொங்கலன்று எல்லோரும் ஊரில் இருக்கிறார்கள். கபடி எப்படியும் நடக்கும். நுழைவுக் கட்டணமும் ஒரு ஏலமும் போதும். ஏலத்தின் பலம் தெரியாதவர்கள் விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் முருகன் கோயிலைப் பார்க்கலாம். பங்குனி உத்திரத் திருவிழாவில் வேலில் குத்திய ஒன்பது எலுமிச்சம்பழம் 2024-ல் 2.36 லட்சத்துக்குப் போனது. பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தை இங்கே கொண்டுவர வேண்டாம். அது திருப்பிச் செய்ய வேண்டிய கடன், தர்மம் இல்லை.

கூத்து வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் நிலைமை தலைகீழ். ஊருக்கு நிதி சேர்த்துக் கொடுத்த கூத்துக்கே இப்போது நன்கொடை தேவைப்படுகிறது. கூத்துக் கலைஞர் பெ.ராஜகோபாலும் ஹன்னே டி ப்ருய்னும் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பிள்ளைகளுக்குப் படிப்போடு கூத்துச் சொல்லிக்கொடுத்த குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. முன்போல விடிய விடிய ஆடவும் முடியாது. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குப் பொதுவாகச் சட்டம் இடம் தராது. அதனால் ஆறு மணிக்குத் தொடங்கி 'கர்ண மோட்சம்' மட்டும் போதும் என்று கூத்து ஜமாவிடம் பேசிக்கொள்ள வேண்டும். அவர்கள் சம்பளத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசக் கூடாது. அவர்களும் ஏழைகள்தான். க்யூஆர் அட்டையை மேடையிலேயே மாட்டிவிட்டு, ஜிபேயில் விழுகிற பெயரை அப்போதைக்கப்போது கட்டியங்காரன் காதில் போட ஒரு பையனை உட்கார வையுங்கள். சிங்கப்பூரிலிருந்து இன்னார் மகன் இன்னார் ஆயிரம் என்று அவன் ராகம் இழுப்பதை யாராவது போனில் பிடித்துக் குழுவில் போடுவார்கள். கர்ணன் சாவதற்குள் பங்காளியிடமிருந்து இரண்டாயிரம் வந்துவிடும்.