பரோயே தீவுகளின் திமிங்கலங்களும் பாதரசமும்

வட அட்லாண்டிக் பெருங்கடலில் ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே 18 தீவுகள் கொண்ட பரோயே தீவுக்கூட்டம் உள்ளது. இது டென்மார்க் முடியரசுக்குட்பட்ட தன்னாட்சிப் பகுதி. பயிர் விளைச்சல் மிகக் குறைந்த இத்தீவுகளில் பைலட் திமிங்கலத்தின் இறைச்சியும் தோலடிக் கொழுப்பும் பல நூற்றாண்டுகளாக மக்களின் உணவு. 1584ஆம் ஆண்டு முதலே வேட்டைக் கணக்குகள் உள்ளன. கிடைத்த இறைச்சியை ஊரார் பங்கிட்டுக்கொள்வது மரபு.

அந்த இறைச்சியில் பாதரசம் இருக்கிறது. நிலக்கரியை எரிக்கும்போதும், பாதரசம் கொண்டு தங்கத்தைப் பிரித்தெடுக்கும்போதும் அது ஆவியாகக் காற்றில் கலந்து தொலைதூரக் கடல்களில் படிகிறது. எரிமலைகளும் ஓரளவு வெளியிடுகின்றன. கடலில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. இந்த வடிவம் உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும், எளிதில் வெளியேறாது.

புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்ற உணவுச் சங்கிலியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். கடலிலும் அப்படித்தான்: மிதவை உயிரிகள், சிறுமீன், கணவாய், பிறகு திமிங்கலம். ஒவ்வொரு படியிலும் மெத்தில் பாதரசத்தின் செறிவு கூடுகிறது. கூனி போன்ற சிற்றுயிர்களை உண்ணும் நீலத் திமிங்கலம் சங்கிலியின் கீழ்ப்படியில் உண்பதால் அதன் உடலில் பாதரசம் குறைவு. பற்கள் உள்ள பைலட் திமிங்கலமோ பெரும்பாலும் கணவாயை உண்டு பல பத்தாண்டுகள் வாழ்கிறது. அதன் தசையில் ஒரு கிலோவுக்குச் சராசரியாக 2 மில்லிகிராமை ஒட்டிப் பாதரசம் காணப்பட்டது. பெரும்பாலான மீன்வகைகளுக்குப் பல நாடுகள் வைத்துள்ள உச்சவரம்பு 0.5 மில்லிகிராம்தான். கணவாய் வழியாக வரும் காட்மியம் சிறுநீரகத்தில் சேர்கிறது.

இவ்வளவு நஞ்சோடு திமிங்கலம் எப்படி வாழ்கிறது? அதன் கல்லீரலில் மெத்தில் பாதரசம் சிதைக்கப்பட்டு, செலினியத்தோடு சேர்ந்து கரையாத நுண்துகள்களாகிறது. அந்த வடிவில் அதன் நச்சுத்தன்மை வெகுவாகக் குறைகிறது. இயற்கையின் வியப்பான ஏற்பாடு இது. ஆனால் தசையில் கணிசமான பங்கு மெத்தில் பாதரசமாகவே எஞ்சுகிறது. மனிதர் விரும்பி உண்பது தசையைத்தான்.

மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவின் மூளையை அடையக்கூடியது. இதை ஆராயத் தீவின் மருத்துவர் வெய்ஹேயும் டென்மார்க்கைச் சேர்ந்த கிராண்ட்ஜீனும் 1986-87இல் 1,022 பிறப்புகளைப் பதிவு செய்தனர். தொப்புள்கொடி இரத்தத்திலும் தாயின் தலைமுடியிலும் பாதரசம் அளக்கப்பட்டது. ஏழு வயதில் அக்குழந்தைகளைச் சோதித்தபோது, பிறப்பின்போது பாதரசம் கூடுதலாக இருந்தவர்களிடம் மொழி, கவனம், நினைவாற்றல் ஆகியவற்றில் குறைபாடு தென்பட்டது. முடிவுகள் 1997இல் வெளியாயின. ஒரு குழந்தையைத் தனியே பார்த்தால் தெரியாத அளவு நுட்பமான குறைபாடுகள் இவை. மீனை மிகுதியாக உண்ணும் செஷல்ஸ் தீவுகளில் நடந்த ஆய்வில் இத்தகைய பாதிப்பு தெளிவாகத் தெரியவில்லை. அங்கே திமிங்கல இறைச்சி உண்பதில்லை. திமிங்கலக் கொழுப்பில் பிசிபி என்னும் வேதி நஞ்சும் உண்டு என்பதால் எது எவ்வளவு காரணம் என்ற விவாதம் எழுந்தது. ஆயினும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, உடல் எடை ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மைக்ரோகிராம் என்று மெத்தில் பாதரச வரம்பை வகுக்கப் பரோயே ஆய்வையே முதன்மையாகக் கொண்டது.

1998இல் தீவின் மருத்துவ அதிகாரிகள் அறிவுரை வழங்கினர். மூன்று மாதத்துக்குள் கருவுற எண்ணுவோர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோர் திமிங்கல இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். ஏன் மூன்று மாதம்? மனித உடலில் மெத்தில் பாதரசம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும். கல்லீரலையும் சிறுநீரகத்தையும் யாருமே உண்ணக்கூடாது என்றும் கூறினர். 2008இல் இன்னும் ஒரு படி மேலே போய், பைலட் திமிங்கலம் மனிதர் உண்ணத் தக்கதல்ல என்றனர். தாங்கள் வெளியிடாத பாதரசத்துக்காக மூதாதையர் உணவைக் கைவிடச் சொல்வது அம்மக்களுக்கு எளிதில் ஏற்கக்கூடியதா? 2011இல் தீவின் உணவுத் துறை, மாதத்துக்கு ஒரு வேளைக்கு மிகாமல் உண்ணலாம் என்றது. வேட்டை சட்டப்படி தொடர்கிறது. ஆனால் தாய்மார் தங்கள் உணவை மாற்றிக்கொண்டனர். பின்னர் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் பாதரசம், 1986-87இல் இருந்ததைவிட வெகுவாகக் குறைந்திருந்தது.