இடிபாடு குப்பையல்ல

ஈப்போ அருகே எங்கள் ரப்பர் தோட்டத்து லயன் வீடுகளை உடைத்தபோது, தாத்தா பலகைகளில் ஆணி பிடுங்கிச் சேர்த்தார். அந்தப் பலகைகளும் கூரைத் தகடுகளும்தான் பிறகு எங்கள் சமையலறையாயின. போரில் சிதைந்த ஊர்களை மீண்டும் கட்டுவதற்கும் இதுவே முதற்பாடம்: கொட்டுவதற்கு முன் பிரிக்க வேண்டும்.

போலந்தின் வார்சா நகரில் 1943இல் நாஜிப் படை தரைமட்டமாக்கிய யூதர் பகுதியில், போருக்குப் பின் முரானூவ் குடியிருப்பு எழுந்தது. இடிபாட்டு மேடே அதன் அடித்தளம். நொறுக்கிய செங்கல் கலந்த கட்டிகளே அதன் சுவர்.

2009 மே மாதம் போர் முடிந்த வன்னியிலோ, முதல் வேலை கண்ணிவெடிகளையும் வெடிக்காத குண்டுகளையும் அகற்றுவது. அது பத்தாண்டுகள் கடந்தும் தொடர்ந்தது. அதன் பிறகே மரம், இரும்பு, கல் எனப் பிரிக்க முடியும். நொறுக்கிய காங்கிரீட் சாலையின் அடித்தளத்திற்கு உதவும். அந்த அளவுக்குப் புதுக் கருங்கல் மிச்சம்.

அஸ்பெஸ்டாஸ் கூரை மட்டும் விதிவிலக்கு. அதை உடைக்காமல், நனைத்து, முழுசாக இறக்கி, பொதிந்து, தனியிடத்தில் புதைக்க வேண்டும். அதன் தூசு நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்தும் புற்றுநோய் தரக்கூடியது.

எங்கள் சமையலறைக்குத் தாத்தா அந்தத் தகட்டையும் வாளால் அறுத்தார். அவருக்குச் சொல்ல அன்று யாருமில்லை. படித்த நாம் இன்று சொல்லலாமே!