டேர்போ அமுக்கக் குறைபாடுகளை இனங்காணல்

மாணவர்களே, குழாய் வெடித்தால் அமுக்கம் குறையும் என்றே பலரும் விடை எழுதுவர். இது எல்லாக் குழாய்களுக்கும் பொருந்தாது.

1992 இல் ஜப்பானில் அறிமுகமான சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரை உதாரணமாகக் கொள்வோம். வெளியேற்று வாயு டேர்போவின் சில்லைச் சுழற்ற, டேர்போ வளியை அமுக்கி எஞ்சினுக்கு அனுப்பும். இவ்வமுக்கத்தைச் சிறிய இறப்பர் குழாயொன்று மென்சவ்வுக்குக் கடத்தும். மென்சவ்வு சுருளி வில்லை எதிர்த்துத் தள்ளி 'வேஸ்ட்கேட்' வால்வைத் திறந்ததும், மேலதிக வாயு சில்லைத் தொடாது வெளியேறும். கணினி இயக்கும் சொலனொயிட் வால்வு சிறிய குழாயின் அமுக்கத்தில் ஒரு பகுதியைக் கசியவிடுவதால், வேஸ்ட்கேட் தாமதித்துத் திறந்து டேர்போ அமுக்கம் உயரும்.

அறிகுறிகளும் காரணங்களும்:

1. அமுக்கம் குறைவு, சீறும் ஒலி: எஞ்சினுக்கு வளி செல்லும் பெரிய குழாயில் கசிவு.
2. சுருளி வில்லின் அளவுக்கு மேல் அமுக்கம் ஏறாமை: சொலனொயிட் இயங்காமை.
3. அமுக்கம் மிதமிஞ்சுதல்: சிறிய குழாய் வெடித்திருத்தல் அல்லது வேஸ்ட்கேட் மூடியபடி இறுகியிருத்தல்.

மூன்றாவதே ஆபத்தானது. எரிபொருள் முறைகேடாக எரிந்து பிஸ்டன் உடையலாம்.

நினைவிற் கொள்க: பழைய கார்களில் இறப்பர் வெப்பத்தால் வெடிக்கும். எனவே டேர்போவை மாற்றுமுன் மலிவான சிறு குழாய்களையே முதலிற் பரிசோதிக்க வேண்டும்.