கண்டியின் கடைவீதியும் கடைத்தொகுதியும்

கண்டி மாநகரின் தலதா வீதியில், மலைநாட்டுக் கட்டடக்கலையைத் தழுவிய தோற்றத்துடன், 2005ஆம் ஆண்டில் எழுந்தது கண்டி சிற்றி சென்ரர் என்னும் பல மாடிக் கடைத்தொகுதி. வங்கிகள், பேரங்காடி, புத்தகக் கடை, உணவுச்சாலைகள், ஆயுர்வேத நிலையம் ஆகியன அங்கு ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றன. இவ்வாறு வேறுபட்ட கடைகளை ஓரிடத்திற் கூட்டுவதில் நுட்பமான வாணிபக் கணக்கொன்று உண்டு.

மக்களை ஈர்க்கும் ஆற்றல் பெருங்கடைக்கே மிகுதி. ஆதலால் கட்டட உரிமையாளர் அதற்குக் குறைந்த வீத வாடகையில் இடமளிப்பது வழக்கம். அதை நாடி வருவோர் கடந்து செல்லும் வழியில் அமைந்த சிறுகடைகளோ, அந்தக் கூட்டத்தின் பொருட்டுக் கூடிய வாடகை செலுத்துகின்றன. 1956இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் விக்டர் குரூவன் வடிவமைத்த சவுத்டேல் தொகுதியில், ஒன்றுக்கொன்று போட்டியான இரு பெருங்கடைகள் ஒரே கூரையின்கீழ் இடம்பெற்றன. போட்டியாளர் அருகருகே இருப்பினும் இருவருக்கும் ஆதாயம் உண்டு என்பதற்கு அது சான்றாயிற்று.

கண்டியின் பழைய வீதிகளுக்கு இத்தகைய தனி உரிமையாளர் எவருமிலர். தலதா மாளிகையும் மாநகர சபைச் சந்தையும் பஸ் நிலையமுமே அங்கு மக்களை ஈர்க்கும் பெருங்கடைகளின் பணியைச் செய்கின்றன. புடவை வாங்குவோர் பல கடை ஏறி இறங்கி, நிறமும் விலையும் ஒப்பிட்டே வாங்குவர். எனவே புடவைக் கடைகள் அடுத்தடுத்து இருத்தல் நன்று. தேநீருக்கு அவ்வாறு எவரும் அலையார். ஆதலின் தேநீர்க் கடைகள் பரந்து கிடத்தலே பொருந்தும்.

சுற்றியுள்ள தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஓய்வு நாளில் பஸ் ஏறி வரும் குடும்பத்தை எண்ணிப் பார்த்தல் தகும். பிள்ளைக்குச் சப்பாத்து, தாய்க்குச் சேலை, பாட்டிக்கு மருந்து, பழுதுபார்க்க ஒரு மணிக்கூடு: இவை யாவும் ஒரே பயணத்தில் முடிந்தாலன்றிப் பஸ் கட்டணமும் பொழுதும் வீணாகும்.

வாடகையொன்றே அளவுகோலாயின், முதலில் வெளியேற வேண்டியவர் குறைந்த வருவாயுடைய மணிக்கூடு திருத்துபவரும் செருப்புத் தைப்பவருமே. ஆயினும், பொருளை ஒப்படைக்க ஒருமுறையும் மீளப் பெற மறுமுறையுமாக மக்களை நகருக்கு வரச் செய்பவர் அவர்களே. அவர்கள் அகன்றால், மேற்சொன்ன குடும்பம் கம்பளைக்கோ மாத்தளைக்கோ செல்லத் தலைப்படலாம். அப்போது புடவைக் கடையும் தன் வாடிக்கையாளரை இழக்கும். சிறுதொழிலாளருக்கு எளிய வாடகையில் ஓரிடம் ஒதுக்குதல், பெருங்கடைக்குச் சலுகை அளிப்பதைப் போன்றே, வாணிப அறிவின்பாற்பட்டதாகும்.