க்ளாஸ் முடிஞ்சதும் கடலுக்கு!

‘உலகக் குடிமகன்னா யாரு?’ என்று இன்டர்வியூவில் கேட்டால் என்ன சொல்வீங்க? சரளமான இங்கிலீஷ், நாலு நாட்டு ஃப்ரெண்ட்ஸ், பாஸ்போர்ட்டில் ரெண்டு விசா... இப்படித்தானே லிஸ்ட் போடத் தோணுது? அந்த லிஸ்டைக் கொஞ்சம் ஓரமா வையுங்க. பிரிட்டனில், வேல்ஸ் கடற்கரையில் ஒரு பழைய கோட்டைக்குள் நடந்த கதையைக் கேளுங்க.

கோட்டையின் பெயர் செயின்ட் டோனட்ஸ். 1962-இல் அங்கே ‘அட்லான்டிக் காலேஜ்’ தொடங்கியது. பேர்தான் காலேஜ், நம்ம கணக்குக்கு ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ. பல நாட்டுப் பசங்க ஒன்றாகத் தங்கிப் படிக்கும் இடம். ஐடியா கொடுத்தவர் கர்ட் ஹான். ஜெர்மனியில் பள்ளி நடத்திய யூதர். ஹிட்லரை எதிர்த்ததால் 1933-இல் கைதாகி, பிறகு பிரிட்டனுக்கு வந்து சேர்ந்தவர். 1950-களில் அவர் நேட்டோ ராணுவக் கல்லூரிக்குப் போனார். உலகப் போரில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட நாடுகளின் அதிகாரிகள், அங்கே ஒன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவங்களால் முடியும் என்றால், 16 வயசுப் பசங்களால் முடியாதா? அங்கே விழுந்த பொறிதான் இந்தக் காலேஜ்.

ரூம்மேட் ஆனா போதுமா?

பல நாட்டுப் பசங்களை ஒரே ஹாஸ்டலில் போட்டுவிட்டால் ஒற்றுமை வந்துடுமா? நம்ம ஹாஸ்டல் மெஸ்ஸைப் பார்த்தாலே பதில் தெரியும். ஒரே ஊர்க்காரங்க ஒரே டேபிள்! அதனால் பாடம் போக, சேவையையும் படிப்பின் ஒரு பகுதியாக்கினார்கள். கடலோரக் காவல், பாறைச் சரிவில் சிக்கியவர்களை மீட்பது, படகில் போய்க் காப்பாற்றுவது என்று நிஜமான வேலைகள். எதிரே இருப்பதோ பிரிஸ்டல் சேனல். கடல் மட்டம் ஏறி இறங்கும் அளவு உலகிலேயே மிக அதிகமாக உள்ள இடங்களில் ஒன்று.

1963-இல் ஆர்.என்.எல்.ஐ. என்ற கடல் மீட்புத் தொண்டு அமைப்பு காலேஜோடு கை கோத்தது. காலேஜே ஒரு மீட்புப் படகு நிலையம் ஆனது. 2013 வரை, 50 வருஷம் அது இயங்கியது. 1967-இல் மாணவிகளும் சேர்ந்தார்கள். 1969-இல் ஆர்.என்.எல்.ஐ.யின் கரையோர மீட்புப் படகுக் குழுவில் இடம்பிடித்த முதல் பெண் யார் தெரியுமா? இங்கே படித்த 18 வயது நார்வே மாணவி!

அலை அடிக்கும்போது பக்கத்தில் இருப்பவன் என்ன நாடு, என்ன மதம் என்றா பார்ப்பீங்க? கயிறைச் சரியாகப் பிடிக்கிறானா என்றுதான் பார்ப்பீங்க.

விலை ஒரு பவுண்டு!

அப்போது பயன்படுத்தியவை காற்றடைத்த ரப்பர் படகுகள். கல்லும் பாறையுமான கரையில் இழுத்து இழுத்து, துணியாலான அடிப்பாகம் தேய்ந்து கிழிந்தது. ஹெட்மாஸ்டர் டெஸ்மண்ட் ஹோர், கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்தவர். அவரும் மாணவர்களும் அடிப்பாகத்துக்கு ப்ளைவுட் போட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு மாடலாகச் செய்து, கடலில் இறக்கி, உடைத்து, மறுபடி செய்தார்கள். இப்படிப் பிறந்ததுதான் ‘ரிப்’ எனப்படும் கெட்டியான அடிப்பாகம் கொண்ட ரப்பர் படகு. இன்று நம்ம கோஸ்ட் கார்டு உட்பட உலகம் முழுக்க ஓடுகிறது. ஆர்.என்.எல்.ஐ. தன் படகுக்கு ‘அட்லான்டிக் 21’ என்று காலேஜ் பேரையே வைத்தது. பேட்டன்ட்டை ஹோர் என்ன விலைக்குக் கொடுத்தார்? ஒரே ஒரு பவுண்டு!

அந்த ஒரு காலேஜ் இன்று ‘யுனைடெட் வேர்ல்ட் காலேஜ்’ என்ற பெயரில் 18 இடங்களில் வளர்ந்து நிற்கிறது. புனே பக்கத்தில் 1997 முதல் ஒன்று இருக்கிறது. ஃபீஸ் அதிகம்தான், ஆனால் வசதியைப் பொறுத்து உதவித்தொகை உண்டு. உங்களுக்கு அந்த வயசு தாண்டியாச்சு. வீட்டில் பத்தாவது படிக்கும் தம்பி, தங்கச்சி இருந்தால் காதில் போட்டு வையுங்க.

சரி, நமக்கு?

நமக்கு என்.எஸ்.எஸ். இருக்கே! 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு தொடங்கியது. 2 வருஷத்தில் 240 மணி நேர சேவை, கூடவே 7 நாள் கேம்ப். மணிக் கணக்கைப் பார்த்தால் குறைச்சல் இல்லை. ஆனால் பாதி நேரம் துடைப்பத்தோடு ஒரு போட்டோ, கடைசியில் ஒரு சர்டிபிகேட் என்று முடிந்துவிடுகிறது, இல்லையா?

வேல்ஸில் வேலை செய்த ஃபார்முலா சிம்பிள். ஒன்று, வேலை நிஜமானது. செய்யாவிட்டால் யாரோ பாதிக்கப்படுவார்கள். இரண்டு, அந்த வேலையைத் தெரிந்த வெளி அமைப்பு ஒன்று பயிற்சி கொடுத்தது, தப்பு செய்தால் கேட்டது. மூன்று, டீம் கலந்து இருந்தது.

இதில் எதற்கும் கடலோ கோட்டையோ வேண்டாம். அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கி, தீயணைப்பு நிலையம், பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் மாலை நேர வகுப்பு, எதுவானாலும் சரி. உங்க கேம்பஸில் பீகார் பையன், மணிப்பூர் பொண்ணு, ஆப்பிரிக்க மாணவர் இருக்காங்களா? கல்ச்சுரல்ஸ் அன்றைக்கு மேடையேற்றிக் கைதட்டுவதோடு விட்டுடாதீங்க. வாரா வாரம் உங்க டீமில் சேர்த்துக்கோங்க. மொழி தானா வரும். சண்டையும் வரும், அதையும் தாண்டி வேலை நடக்கும்.

அடுத்த என்.எஸ்.எஸ். மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: ‘சார், இந்த வாரம் நாம போகலைன்னா யாருக்காவது நஷ்டமா?’

‘இல்லை’ என்று பதில் வந்தால், வேறு வேலை தேட வேண்டிய நேரம் வந்தாச்சு ஃப்ரெண்ட்ஸ்!