பத்து ராகம், மூன்று பெட்டி

பெருந்துறைப் பக்கம் நோம்பிக்குப் போனால், ஜமாப் மேளம் ஓய்ந்த நேரத்தில் பெட்டி ஸ்பீக்கரில் ஏதாவது ஒரு பாட்டைப் போட்டுவிடுவார்கள். ‘தும் தும்’ என்று வரும் அதன் அடி, காதைவிட நெஞ்சில்தான் அதிகம் தெரியும். அடிக்க ஆளும் இல்லை, தோலும் இல்லை. வெறும் மின்சாரம்.

இந்த வகை அடிக்குப் பேர்போன கருவி, ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த டி.ஆர்.-808. பதிவு செய்த மேளச் சத்தம் எதுவும் அதற்குள் கிடையாது. ஒரு மின்சுற்றுக்குச் சின்னத் துடிப்பு ஒன்றைக் கொடுத்தால், தூரியைத் தள்ளிவிட்டது மாதிரி நொடிக்குச் சுமார் 50 தடவை ஆடி, மெல்ல மெல்ல அடங்கும். அந்த ஆட்டம்தான் ‘தும்’. தாளத்தட்டின் ‘சிங்’ ஓசைக்கு, ஒன்றோடொன்று சுருதி சேராத ஆறு அலைகளைக் கலந்து வடிகட்டினார்கள். சுருதி சேராததால்தான் அது உலோகச் சத்தமாகக் கேட்கிறது!

இதற்குத் தம்பி டி.பி.-303. தனியாக வாசிக்கும் கிதார்காரர்களுக்குப் பக்கத்துணையாக பேஸ் வாசிக்கச் செய்த பெட்டி. ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம். 16 படிகளில் பதிந்ததைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். கிதார்காரர்கள் சீந்தவில்லை, 1984-இல் உற்பத்தி நின்றது. மலிவாகக் கைமாறிய ஒன்றை வைத்துக்கொண்டு, சிகாகோவின் ஃபியூச்சர் குழு, ஒலி ஓடும்போதே அதன் வடிகட்டிக் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தது. வழவழவென்று நெளிந்த அந்தச் சத்தம் ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று 1987-இல் வெளிவந்தது. ஆசிட் ஹவுஸ் என்கிற நடன இசையே அதிலிருந்து கிளம்பியது.

ஆனால் இதே இரண்டு பெட்டிகளோடு ஜூப்பிட்டர்-8 சிந்தசைஸரையும் சேர்த்து, 1982-லேயே பம்பாயில் ஒருவர் இசைத்தட்டு பதிந்துவிட்டார். இந்தி சினிமா இசைக்குழுக்களில் கிதார் வாசித்த சரண்ஜித் சிங். டிஸ்கோ அடியில் பத்து ராகங்கள்: அவற்றில் நம் மாயாமாளவகௌளைக்கு நிகரான பைரவ் உண்டு, மோகனமான பூபாலி உண்டு, கல்யாணியான யமன் உண்டு. எச்.எம்.வி. வெளியிட்டது, விற்கவில்லை. நெதர்லாந்து இசைத்தட்டு சேகரிப்பாளர் எடோ பௌமன் தேடிப் பிடித்து 2010-இல் மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சரண்ஜித் எழுபது வயதைத் தாண்டி ஐரோப்பிய மேடைகளில் அதை வாசித்தார், 2015-இல் காலமானார்.

‘ஆசிட் ஹவுஸின் தந்தை’ என்று அவருக்குப் பட்டம் சூட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சிகாகோக்காரர்கள் அந்தத் தட்டைக் கேட்டதற்கு ஆதாரம் எதுவுமில்லை. இரண்டுக்கும் உள்ள பந்தம் பெட்டியில்தான் இருக்கிறது. மேற்கத்திய பாட்டுக்கு அடிக்கடி கார்டு (ஸ்வரக்கூட்டு) மாறவேண்டும். 303-இல் அதைப் பதிவது பெரிய தொல்லை. ராகத்துக்கோ ஆதார ஸ்ருதி நின்றால் போதும், ஒரே சுழற்சி எவ்வளவு நேரம் ஓடினாலும் அலுக்காது. ஸ்வரம் விட்டு ஸ்வரம் இழைந்து போகும் வசதி 303-இலும் உண்டு, ஜூப்பிட்டரிலும் உண்டு; நமக்கு அது கமகத்தின் வேலை. கிதாருக்குக் குறையாகத் தெரிந்தது ராகத்துக்குப் பொருந்திவிட்டது. ஐந்தாண்டு கழித்து, நடன அரங்குக்கும் அதுவே பொருந்தியது.

சரண்ஜித்தின் தட்டைக் கேட்பதென்றால், இந்தோளம் பிடித்தவர்கள் அதற்கு நிகரான மால்கௌன்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். நொடிக்கு 50 தடவை ஆடும் அந்த ‘தும்’ அதில் வராது.