பம்பு கெட்டால் யார் வருவார்?

கல்லூரிக்குக் கல்லூரி சமூகப் புத்தாக்கப் போட்டி நடக்கிறது. மேடையில் மாதிரி சுழலும், விளக்கு எரியும், கைதட்டல் காதைப் பிளக்கும். ஆறு மாதம் கழித்து அதில் ஒரு திருகு கழன்றால் யார் முடுக்குவது என்று நடுவர்கள் கேட்பதாகத் தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவில் பிறந்த ராட்டினப் பம்பு ஞாபகமிருக்கிறதா? பிள்ளைகள் ராட்டினம் சுற்றி விளையாட, நிலத்தடி நீர் மேலே தொட்டிக்கு ஏறும். தொட்டியைச் சுற்றி விளம்பரப் பலகை. அந்த வருமானத்தில் பராமரிப்பு. 2000-ல் சர்வதேசப் பரிசு, 2006-ல் 1.64 கோடி டாலர் உதவி அறிவிப்பு. ஊருக்குள் நடந்த கதை வேறு. பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பெண்கள்தான் அந்தக் கனத்த சக்கரத்தைக் குனிந்து தள்ளினார்கள். குக்கிராமத்தில் விளம்பரம் கொடுக்க எந்தக் கம்பெனி வரும்? பழுதானால் ஊர்க்காரர் கைவைக்க முடியாது. தகவல் சொல்லிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நன்றாக ஓடிய கைப்பம்பைக் கழற்றிவிட்டு இதை மாட்டிய ஊர்களும் உண்டு!

நம் தெருமுனை அடிபம்புக்கு அந்தப் பகட்டு கிடையாது. 1970-களில் கோவை வட்டாரத்தில் சோதித்துத் தேறிய 'இந்தியா மார்க் 2' அது. காப்புரிமை இல்லை, சாதாரணப் பட்டறையிலும் செய்யலாம். குறை ஒன்று இருந்தது. அடியில் தோல் வாஷர் தேய்ந்தால், மொத்தக் குழாயையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு முக்காலி, வண்டி, நாலைந்து ஆள். 1980-களில் 'மார்க் 3' வந்தது. முக்கிய மாற்றம், குழாயை இரண்டரை அங்குலமாக அகலப்படுத்தியதுதான். கம்பியோடு பிஸ்டனை உருவி, வாஷரை மாற்றி, திரும்ப இறக்கிவிடலாம். உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களே ஸ்பானர் பிடித்துக் கைப்பம்பு மெக்கானிக் ஆனார்கள். என்னைக் கேட்டால் சமூகப் புத்தாக்கம் இதுதான்.

தோற்றுத் தோற்றுத்தானே புதுமை பிறக்கும் என்பார்கள். சரி, ஆனால் அந்தத் தோல்விக்கு விலை கொடுப்பவள் குடத்தோடு நிற்பவள்.

திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. வாஷர் மாற்றியதற்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? நன்கொடையும் நிதியும் கட்டத்தான் வருகின்றன, பராமரிக்க வருவது அபூர்வம். குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரமானாலும் சோலார் விளக்கானாலும் இதே கதைதான். மெம்பிரேனும் பேட்டரியும் ஒருநாள் தீரும்.

போட்டி நடத்தும் கல்லூரிகளே, மதிப்பெண் தாளில் ஒரு வரி சேருங்கள்: உதிரி பாகம் எந்தக் கடையில், என்ன விலைக்குக் கிடைக்கும், மாற்றப்போகிறவர் யார்? இதற்குப் பதில் எழுதாத அணிக்குப் பரிசு கொடுக்காதீர்கள்.